காகிங் டார்க்: ‘கவ்வுமுறுக்கு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மின்மோட்டார் பாடத்தில் வரும் காகிங் டார்க் (cogging torque; டார்க் என்றால் முறுக்கு, அதாவது திருப்பும் விசை) என்பதற்குத் தமிழ்ச் சொல்லாக இதுவரை ‘பற்சக்கர முறுக்கு’, ‘தடைமுறுக்கு’ இரண்டும் வந்துள்ளன. முதலாவது வேண்டாம், அந்த இடத்தில் பற்சக்கரமே கிடையாது. இரண்டாவது பொருளையே மாற்றிவிடுகிறது.

நிலைக்காந்த மோட்டாரின் தண்டை மின்சாரம் கொடுக்காமல் கையால் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிக்கும், மேலும் திருப்பினால் தானே தாவி அடுத்த இடத்தில் நிற்கும். ரோட்டர் (சுழலும் பகுதி) காந்தம் ஸ்டேட்டரின் (அசையாத பகுதி) இரும்புப் பல்லை நாடுகிறது, நேரே வந்ததும் விட மறுக்கிறது. மீறித் தாண்டினால் அடுத்த பல் அதை முன்னே இழுக்கிறது. தடுப்பதும் இழுப்பதும் மாறிமாறி வருவதால் முழுச் சுற்றில் சராசரி சுழி (பூஜ்யம்). ‘தடை’ என்றால் மாணவர் இதை உராய்வோடு சேர்த்து இழப்பில் எழுதிவிடுவார்.

அதனால்தான் ‘கவ்வுமுறுக்கு’ என்கிறேன். வடிவமைப்புப் பாடத்திலும் சொல் நன்றாக ஓடுகிறது. காடி (ஸ்டேட்டர் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளம்) எண்ணிக்கை, காந்த முனை எண்ணிக்கை இவற்றின் மீச்சிறு பொது மடங்கே ஒரு சுற்றில் வரும் கவ்வல்கள்: 12 காடி, 8 முனை என்றால் 24; 12 காடி, 10 முனை என்றால் 60. கவ்வல் கூடினால் ஒவ்வொன்றின் வலுவும் பொதுவாகக் குறையும். மிச்சத்தைப் போக்க ஒரு கவ்வல் அளவுக்குக் காடியைச் சாய்ப்பார்கள். முதல் மோட்டாரில் அது 360/24, அதாவது 15 பாகை. இப்படிச் சாய்ப்பதால் பயன்முறுக்கில் சுமார் 4.5 சதவீதம் போய்விடும். இரண்டாவதில் 6 பாகை போதும், இழப்பு சுமார் 1 சதவீதம்தான். காடி எண்ணை முதலிலேயே யோசித்துத் தேர்வது இதற்காகத்தான்.

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு தமிழில் புரிய வேண்டும்.
கிருஷ்ணகிரியிலிருந்து

*

ஐயா, ‘கவ்வி’ என்று கிளாம்பைச் சொல்கிறோமே, குழம்பாதா? டார்க் ரிப்பிளும் இதுவும் ஒன்றுதானா?
தர்மபுரியிலிருந்து

*

அம்மா, கவ்வி கருவி; இங்கே ‘முறுக்கு’ ஒட்டியே வருவதால் குழப்பம் வராது. ரிப்பிள் வேறு. மின்னோட்டம் பாய்ந்து மோட்டார் ஓடும்போது முறுக்கில் காணும் மொத்த ஏற்றஇறக்கம் அது; கவ்வுமுறுக்கு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. ‘முறுக்குச் சிற்றலை’ என்று தனியே வைப்போம். வேகம் ஏறினால் ரோட்டரின் நிலைமமே கவ்வலை அமுக்கிவிடும்; வண்டி மெல்ல நகரத் தொடங்கும்போதுதான் அதிர்வாகத் தெரியும். உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் ‘கவ்வுமுறுக்கு’, ‘முறுக்குச் சிற்றலை’ இரு சொற்களையும் இட்டு, மாணவர் தயங்காமல் எடுத்துக்கொள்கிறார்களா என்று எழுதுங்கள்.