தங்கமாக இருந்த வண்டு மறுநாள் பழுப்பாகிவிட்டது

ஓடைக்கரை:
நெய்வேலிக் காட்டாமணக்கு இலையில் உருக்கி ஊற்றிய தங்கச் சொட்டு போல ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி விளிம்பு, தலையும் காலும் ஓட்டுக்கு அடியில். ஆமை வண்டேதான். படம் எடுக்காமல் நேரே 70% எத்தனாலில் போட்டதுதான் தப்பு. காலையில் குப்பிக்குள் கிடந்தது ஒரு பழுப்புப் பூச்சி. அந்தத் தங்கம் சாயமில்லை, ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் நிற்கும் ஈரத்தின் பளபளப்பு. ஈரம் போனால் நிறமும் போச்சு. உயிரோடு இருக்கும்போதே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடிவயிறு ஒன்று எனப் படம் எடுத்துவிடுங்கள்.

வரப்போரம்:
நான் ஏமாந்தது கத்தரிச் செடியில். பொறிவண்டு, அசுவினியைத் தின்னும், மருந்து வேண்டாம் என்று விட்ட செடி. ஒரு வாரத்தில் இலையில் பச்சையம் சுரண்டப்பட்டு நரம்பும் சவ்வும்தான் மிச்சம். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் முதுகெல்லாம் பொடி மயிர். இலையைத் தின்னும் பொறிவண்டு, எபிலாக்னா! 28 புள்ளியை எண்ணியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கரிசல்மண்:
புள்ளியை நம்பாதீர்கள். எபிலாக்னாவிலேயே 12 புள்ளி உள்ளதும் உண்டு. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டால் எண்ணிக்கையே மாறிவிடும். மயிரைப் பார்த்தீர்களே, அதுதான் சரியான அடையாளம். அசுவினி தின்பதன் முதுகு மெழுகு தேய்த்தது போல வழுவழுப்பாக இருக்கும். முட்டையை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், இரண்டுமே மஞ்சளாக, கும்பலாக, நிமிர்த்தி வைக்கும். புழு ஏமாற்றாது: எபிலாக்னா புழு மஞ்சள், உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். மற்றது கறுத்து நீண்டு, குட்டி முதலை மாதிரி ஓடும்.

ஓடைக்கரை சொன்ன படங்களோடு பாதத்தையும் நெருக்கமாக எடுங்கள். ஆமை வண்டு, மற்ற இலை வண்டுகளின் பாதத்தில் 4 கணு என்றே தோன்றும். உண்மையில் 5. நான்காவது மிகச் சிறியது, மூன்றாவதின் பிளவுக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் குடும்பமே மாறிவிடும். முன்கால், நடுக்காலில் 5, பின்காலில் 4 என்று வந்தால் அது கொப்புள வண்டாகவும் இருக்கலாம். அவரைப் பூவில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டைக் கண்டால் விரலால் எடுக்காதீர்கள். கால் மூட்டில் கசியும் மஞ்சள் நீரில் காந்தாரிடின் என்ற நச்சு உண்டு, பட்ட இடம் கொப்புளிக்கும். குப்பியைக் கீழே பிடித்துப் பூவைத் தட்டினால் தானே விழும். படத்தில் மில்லிமீட்டர் அளவுகோலும், குறிப்பில் செடியின் பெயரும் கட்டாயம்.

வரப்போரம்:
புழு அதே இலையின் அடியில்தான் இருந்தது. மஞ்சள், முள்ளோடு. இலையைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.