'பிளடி' என்ற சொல் 'பை அவர் லேடி'யிலிருந்து வந்ததா?

கேள்வி: மாதா பேரில் சத்தியம் செய்யும் 'பை அவர் லேடி' தேய்ந்துதான் 'பிளடி' ஆனது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சரிதானா? லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர் இதை எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

பதில் 1: அந்த விளக்கம் நிற்காது. சத்தியச் சொல் தனித்து நிற்கும். 'பிளடி' ஆரம்பத்திலிருந்தே இன்னொரு சொல்லோடு ஒட்டி அதற்கு அழுத்தம் கொடுப்பது. 17-ஆம் நூற்றாண்டு நாடகத்திலேயே 'பிளடி டிரங்க்' வருகிறது. செம போதை என்று அர்த்தம். 1711-இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் வெயிலைப் பற்றி 'பிளடி ஹாட்' என்று எழுதினார். அவர் பாதிரியார், கடிதம் பெண்களுக்கு. அன்றைக்கு அது வசையே இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரத்தத்தைக் குறிக்கும் 'பிளட்' என்ற சொல்தான் வேர். 'பிளட்' என்று அழைக்கப்பட்ட, குடித்துவிட்டு ரகளை செய்த பணக்கார வாலிபர்கள் வழியாக வந்தது என்பாரும் உண்டு. 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியில் இதைக் கொச்சை என்று குறித்துவிட்டார். அடுத்த நூற்றாண்டில் பத்திரிகைகள் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு நடுவில் கோடு இழுத்தன.

பதில் 2: 1914-ஐ விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 11 அன்று லண்டன் மேடையில் பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகம். பூக்காரி எலைசா சீமாட்டி உச்சரிப்பில், அச்சுப் பிசகாமல், 'நாட் பிளடி லைக்லி' (வாய்ப்பே இல்லை) என்கிறாள். உச்சரிப்பு மாறியும் பேச்சு மாறவில்லை என்பதை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அதன்பின் கூச்சப்பட்டவர்கள் 'நாட் பிக்மேலியன் லைக்லி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்!

பதில் 3: உபயோகத்துக்கு வருகிறேன். அழுத்தம் வேண்டிய சொல்லுக்கு முன்னால் போடுங்கள்: 'பிளடி கோல்ட்', 'பிளடி டிராஃபிக்'. 'தி ஷர்ட் இஸ் பிளடி' என்று கடைசியில் வைத்தால் சட்டையில் ரத்தக்கறை என்றுதான் புரிந்துகொள்வார்கள். நீளச் சொல்லுக்கு நடுவிலும் நுழையும், ஆனால் அழுத்தி உச்சரிக்கும் அசைக்கு முன்னால் மட்டும்: 'அப்சோ-பிளடி-லூட்லி' சரி, 'அப்-பிளடி-சோலூட்லி' தப்பு.

நம்மவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். இங்கே 'பிளடி ஃபூல்', 'பிளடி ராஸ்கல்' என்று ஆளைத் திட்டவே கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே 'பிளடி பிரில்லியன்ட்' என்று மேனேஜர் சொன்னால் அது பாராட்டு, முகம் சுருங்க வேண்டாம். சகாக்களோடு டீ குடிக்கும்போது சொல்லலாம். இன்டர்வியூ, கஸ்டமர் மெயில், குழந்தைகள் இருக்கும் இடம், இங்கெல்லாம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இன்னும் சாதாரணம். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரமே 'வேர் தி பிளடி ஹெல் ஆர் யூ?' என்று கேட்டது. பிரிட்டிஷ் டிவியில் அதற்குத் தடை போட்டு, பிறகு விலக்கிக்கொண்டார்கள்.