மலைக் குக்கிராமத்துக்குச் செல்போன் கோபுரம் கேட்பது எப்படி?

சாமைக்கொல்லை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பிரியும் ஒரு மலைச்சாலையின் கடைசியில் எங்கள் குக்கிராமம் இருக்கிறது. ஏறத்தாழ தொண்ணூறு வீடுகள். நான்கு கிலோமீட்டர் தொலைவில், எங்கள் வருவாய்க் கிராமத்தின் பெரிய ஊரில் ஒரு கோபுரம் நிற்கிறது. ஆனால் நடுவில் ஒரு மலைமுகடு குறுக்கிடுவதால், எந்த நிறுவனத்தின் சிக்னலும் எங்கள் ஊருக்குள் எட்டுவதில்லை.

வசதிக்காக நாங்கள் இதைக் கேட்கவில்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழியாக, படத்துடன் நாளுக்கு இருமுறை வருகைப் பதிவு செய்வது கட்டாயமானது. அந்தப் படங்களைப் பதிவேற்றப் பணித்தளப் பொறுப்பாளர் முகட்டின் மேல் ஏறிச் செல்ல வேண்டியிருக்கிறது. நியாயவிலைக் கடையின் விரல் ரேகைக் கருவிக்கு இணைப்புக் கிடைக்காத நாளில் முதியவர்கள் வெறும் பையோடு திரும்புகிறார்கள். சென்ற ஐப்பசி மழையில், நள்ளிரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டபோது, 108-ஐ அழைப்பதற்காக அவளுடைய தம்பி டார்ச் விளக்கோடு இருட்டில் முகடு ஏறி ஓடினான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று யார் உறுதி சொல்வது?

மனு கொடுத்தபோது, "உங்கள் கிராமம் ஏற்கனவே சேவை பெற்ற கிராமம்" என்று பதில் வந்தது. வியாபாரி ஒருவர் சிக்னல் பூஸ்டர் பொருத்தித் தருவதாகச் சொல்கிறார். கோபுரம் வந்தால் கதிர்வீச்சால் குழந்தைகளுக்குக் கேடு வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் அஞ்சுகிறார்கள். இந்த நிலையில் நாங்கள் யாரிடம், எதை, எப்படிக் கேட்க வேண்டும்?

அலைவழி எழுதியது:

நான் தொலைத்தொடர்புத் துறையில் பல ஆண்டுகள் கோபுரங்களுக்கு இடம் பார்க்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பூஸ்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து வாங்காதீர்கள். தனியார் தாமாக அதைப் பொருத்துவது சட்டத்துக்குப் புறம்பானது. அதோடு, சரியாக அமைக்கப்படாத பூஸ்டர் ஒன்று பக்கத்துக் கோபுரத்தின் சேவையையே கெடுத்துவிடும்.

"ஏற்கனவே சேவை பெற்ற கிராமம்" என்ற பதிலில்தான் உங்கள் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. கணக்கு வருவாய்க் கிராமத்தை வைத்துப் போடப்படுகிறது. மலையிலோ ஒரே வருவாய்க் கிராமத்தின் பெயரில் பல குக்கிராமங்கள் முகட்டுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பெரிய ஊரில் சிக்னல் கிடைத்தால் ஏட்டில் எல்லா ஊருக்கும் கிடைத்ததாகிவிடுகிறது. 2022 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 26,316 கோடி ரூபாயில் ஒப்புதல் அளித்த 4ஜி நிறைவுத் திட்டம், சேவையே இல்லாத 24,680 கிராமங்களைக் குறிவைத்தது. அதைச் செயல்படுத்தும் பொறுப்பு பி.எஸ்.என்.எல்லுக்குத் தரப்பட்டது. புதிய குடியிருப்புகள், மறுகுடியமர்வு, இருந்த சேவை நிறுத்தப்பட்டது போன்ற காரணங்களுக்காக மேலும் 20 விழுக்காடு கிராமங்களைச் சேர்த்துக்கொள்ளவும் அதில் இடம் வைத்தார்கள். ஆகவே மனுவில் வருவாய்க் கிராமத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல், உங்கள் குடியிருப்பின் அட்சரேகை, தீர்க்கரேகை, வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தனியாகக் குறிப்பிட்டு, அதைத் தனிக் குடியிருப்பாகக் கருதும்படி கேளுங்கள். நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பு வரைபடத்தை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அந்த வரைபடத்தில் உங்கள் ஊர் வண்ணம் தீட்டப்பட்டிருந்தால், அது தவறு என்று அளவீட்டோடு காட்டுவதுதான் உங்கள் கையில் இருக்கும் வலுவான சான்று.

அளப்பது கடினமான வேலை அன்று. சிக்னல் வலிமையை டிபிஎம் அளவில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 4ஜியில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற எண்ணைப் பாருங்கள்: கழித்தல் 85 என்றால் நல்லது, கழித்தல் 110 என்றால் பேச்சு அறுபடும், கழித்தல் 120-ஐ ஒட்டினால் அநேகமாக ஒன்றும் நடக்காது. கழித்தல் 100 என்பது கழித்தல் 110 ஆனால், வலிமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். பள்ளி, நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, முகடு என ஒவ்வோர் இடத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கோபுரத்தின் இடம். நாற்பது மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து சமவெளியில் தொடுவானம் வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அலை செல்லும். மலையில் ஒரு முகடு போதும், நான்கு கிலோமீட்டரில் அது நின்றுவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை முகட்டை ஓரளவு வளைந்து தாண்டும். தடையில்லாத வெளியிலேயே அது 2100-ஐவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு வலிமையோடு சென்று சேரும். 2023 ஜூனில் பி.எஸ்.என்.எல்லுக்கு 700 ஒதுக்கப்பட்டதை நான் மிக முக்கியமாகக் கருதுவது அதனால்தான். ஆனாலும் உயர்ந்த முகட்டின் அடியில் ஒண்டிக்கிடக்கும் ஊருக்கு அதுவும் போதாது.

கோபுரம் நட்டால் மட்டும் வேலை முடியாது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோபுரத்தை வெளியுலகோடு இணைக்க ஒளியிழைக் கம்பியோ, மற்றொரு கோபுரத்தைப் பார்த்தபடி இருக்கும் மைக்ரோவேவ் தட்டோ, கடைசி வழியாகச் செயற்கைக்கோளோ வேண்டும். மைக்ரோவேவுக்கு இரண்டு தட்டுகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் இடத்திலிருந்து ஊரும் தெரிய வேண்டும், பழைய கோபுரமும் தெரிய வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: இருட்டிய பிறகு உயரமான இடங்களுக்குச் சென்று, பழைய கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு எங்கிருந்து தெரிகிறது என்று பாருங்கள். மின்சாரத்தையும் விசாரியுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள் மின்தடை வரும் ஊரில் சூரியத் தகடும் போதிய பேட்டரியும் இல்லாத கோபுரம் தேவைப்படும் நேரத்தில்தான் அணைந்துபோகும்.

மருந்தாளுநர் எழுதியது:

கதிர்வீச்சு அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடாமல் பெரியவர்களுக்குப் பொறுமையாக விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதத்தில் ரேடியோ அலைகளை "புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மைதான். சான்றுகள் வரம்புக்குட்பட்டவை என்பதே அந்தப் பிரிவின் பொருள். கோபுரத்தின் ஆண்டெனா அலைகளைப் பெரும்பாலும் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகிறது. தொலைவு இரட்டிப்பானால் வலிமை நான்கில் ஒரு பங்காகிறது. காதோடு ஒட்டியிருக்கும் செல்போனோ, சிக்னல் பலவீனமாக இருக்கும் இடத்தில்தான் தன் முழு ஆற்றலையும் செலவழித்து அலையை வீசுகிறது. எனவே இன்று முகட்டில் நின்று ஒற்றைக் கோட்டு சிக்னலில் பேசும் இளைஞர் உடலில் படும் அலை, ஊருக்கு நல்ல சிக்னல் வந்த பிறகு படுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும். நம்பிக்கை வராதவர்களுக்கு, தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் இணையதளத்தில் கட்டணம் செலுத்தி ஒரு கோபுரத்தின் அளவை அளக்கச் சொல்லும் வழியும் உண்டு.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கோபுரம் கேட்டு ஊரே அலைகிறது என்று தெரிந்தால், நிலத்துக்கு மாத வாடகை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று அரசு முத்திரை போட்ட கடிதத்தோடு சிலர் அணுகுவார்கள். டிராயோ தொலைத்தொடர்புத் துறையோ கோபுரத்துக்காக யாரிடமும் பணம் வசூலிப்பதில்லை. ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சாமைக்கொல்லை எழுதியது:

நேற்று இரவு நான்கு பேர் கிளம்பிப் போய்ப் பார்த்தோம். முகட்டுக்குப் போகவே தேவை ஏற்படவில்லை. பள்ளிக்கு மேலே இருக்கும் பாறைக்குன்றிலிருந்தே, முகட்டின் தாழ்ந்த கணவாய் வழியாகச் சிவப்பு விளக்கு தெளிவாகத் தெரிகிறது. அங்கே கழித்தல் 104 காட்டியது. பள்ளி வாசலில் சேவையே இல்லை. குன்று புறம்போக்கு நிலம் என்று கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். ஆனால் சாலையிலிருந்து ஊருக்கு வரும் வழியில் பாதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியில் இது சிக்கிக்கொள்ளுமோ என்றுதான் இப்போது கவலை.

கிராமசபை எழுதியது:

கோபுரம் புறம்போக்கில் நிற்கப்போவதால் பாதிக் கவலை தீர்ந்தது. கம்பி காட்டுக்குள் வர நேர்ந்தாலும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2) உங்களுக்கு உதவும். பள்ளி, அங்கன்வாடி, சாலை ஆகியவற்றோடு மின்கம்பிகளையும் தொலைத்தொடர்புக் கம்பிகளையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பவை நிபந்தனைகள். எனவே வருகின்ற கிராம சபைக் கூட்டத்தில் கோபுரத்துக்கு ஒன்று, கம்பிப் பாதைக்கு ஒன்று என இரண்டு தீர்மானங்களைத் தனித்தனியாக நிறைவேற்றி, அளவீட்டுத் தாளையும் குன்றிலிருந்து எடுத்த படத்தையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் பி.எஸ்.என்.எல். அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.

அலைவழி எழுதியது:

கணவாய் வழியாக விளக்குத் தெரிகிறது என்றால் மைக்ரோவேவ் இணைப்புக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அப்படியானால் காட்டுக்குள் ஒளியிழை தோண்டும் தேவையே எழாமல் போகலாம். மனுவில் இதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அரசு நிதியில் அமையும் கோபுரம் என்றால், மற்ற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் அதைப் பயன்படுத்த வழி செய்யும்படியும் சேர்த்துக் கேளுங்கள். 2025 ஜனவரி 17 அன்று அத்தகைய கோபுரங்களில் பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்றுக்கும் இந்தப் பகிர்வு தொடங்கிவைக்கப்பட்டது. புதிய கோபுரம் வரும்வரை காத்திருக்கும் காலத்துக்கு ஒன்று: பழைய கோபுரத்தில் உங்கள் ஊர்ப் பக்கம் நோக்கும் ஆண்டெனாவின் கீழ்நோக்கிய சாய்வைச் சற்றுக் குறைத்தால் குன்றில் காட்டும் கழித்தல் 104 சில எண்கள் மேம்படக்கூடும்; அதைத் தனி மனுவாகக் கொடுங்கள், அதற்குப் புதிய நிதி எதுவும் தேவையில்லை. அளவீட்டைக் காலை, மாலை, மழை நாள் என மூன்று வேளைகளில் எடுத்து இங்கே பதியுங்கள். மனுவின் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.