எக்வாங் சமைக்க ஒரு சமையலறை தேவை

மேரிலாந்தில் இருக்கும் நண்பர்களே, வணக்கம். என் பக்கத்து வீட்டு அக்கா ஒரோக்கோ இனத்தவர். கேமரூனின் தென்மேற்கில், கொருப் காட்டை ஒட்டிய முண்டெம்பா அவரது ஊர். 2017-க்குப் பிறகு அங்கே சண்டை முற்றியபோது இங்கே வந்தவர். அவர் செய்யும் எக்வாங் என்ற கிழங்குச் சுருளுக்காகத்தான் இந்தப் பதிவு.

சேம்பின் உறவான ஒரு கிழங்கைப் பச்சையாகத் துருவி, இளஞ்சேம்பிலையில் விரல் நீளத்துக்குச் சுருட்டி, செம்பனை எண்ணெய் தடவிய பானையில் நெருக்கமாக அடுக்குகிறார். மேலே புகையில் வாட்டிய மீன், கூனிப்பொடி, மிளகாய், வெந்நீர். வேகும்வரை கரண்டி போடவே கூடாது; கிளறினால் சுருள் பிரிந்துவிடும். துருவ உதவப் போய் உள்ளங்கை அரித்ததுதான் மிச்சம். ருசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை!

இதைச் சிறு தொழிலாக நடத்த விரும்புகிறார். வீட்டு அடுப்பில் சமைத்து விற்க முடியாது, உரிமம் உள்ள சமையலறை வேண்டும். சில்வர் ஸ்பிரிங் பக்கம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வாடகைக்கு விடுபவர்களைத் தெரியுமா? உணவுக்கடை தொடங்கிய அனுபவம் உள்ளவர்கள் விண்ணப்பத்தை நிரப்பவும் உதவ வேண்டும். கோயில், பள்ளிச் சமையலறை என்றாலும் சொல்லுங்கள்; மீன் சமைக்கலாமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இளஞ்சேம்பிலை வாடாமல் கிடைக்கும் கடை தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கடைசியாக வாங்கிய இலைக்கட்டில் பாதி மஞ்சள்.