இலவச மாத்திரை கிடைத்தும் ஏழைத் தொழிலாளிக்குச் சர்க்கரை ஏன் கட்டுப்படுவதில்லை?

கேள்வி – சங்க உதவியாளர், செங்கல்பட்டு

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் பதிவது, அட்டையைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளில் எங்கள் ஊர்த் தொழிலாளர்களுக்கு உதவி வருகிறேன். அவர்களில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரைக்கு அவர்கள் பணம் செலவழிப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சிலருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும், சித்தாளாக வேலை செய்யும் ஓர் அம்மாவுக்குச் சாப்பிட்ட பிறகு பார்த்த சர்க்கரை 310. அவருடன் வேலை செய்யும் கொத்தனாருக்குக் கால் புண் ஆறாமல் ஒரு விரலையே எடுத்துவிட்டார்கள். இருவர் வீட்டிலும் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடக்கின்றன.

இது பணக்காரர் நோய் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு பதினைந்து மாநிலங்களில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானபோது, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே நோய் அதிகம் என்று தெரியவந்தது. மருந்துக்கு விலை இல்லை, உடலுழைப்புக்கும் குறைவில்லை என்றால், ஏற்றத்தாழ்வு எந்த வழியாக இந்த நோய்க்குள் நுழைகிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர், விழுப்புரம்

ஐயா, பிரிக்காத அட்டைகளைக் கவனித்தீர்களே, அங்கிருந்தே தொடங்கலாம். அந்த அம்மாவிடம் ஏன் மாத்திரை போடவில்லை என்று கேட்டால் ‘மறந்துபோச்சு’ என்றுதான் முதலில் சொல்வார். சற்று உட்கார்ந்து பேசினால் உண்மைக் காரணம் வரும். மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பக்கத்திலேயே கழிப்பறை உள்ள அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அது ஒரு சிறு தொல்லை. பாதி எழும்பிய கட்டடத்தில், ஆண்கள் நடுவே செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு அது அன்றைய வேலையையே விட்டுவிட வேண்டிய நிலை. சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும் என்பதால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். வெயிலில் அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மருத்துவத்திலேயே வழி இருக்கிறது: குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டுடன் சேர்த்துக் கொடுத்து, மெல்ல மெல்லக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். ஆனால் அதைச் சொல்ல நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையில் ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும். புறநோயாளி வரிசை வாசல்வரை நீளும் நாளில் அந்த ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

கொத்தனார் கதை வேறாக இருக்கலாம். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை இன்சுலின் சுரக்கவைப்பவை. காலையில் ஒரு டீயோடு இதைப் போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறி, பத்தரை மணிக்குத்தான் டிபன் என்றால், இடையில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். மேஸ்திரி அவரைக் குடித்துவிட்டு வந்திருப்பதாக நினைத்துத் திருப்பி அனுப்பியதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படி நேர்ந்தவர் மறுநாள் முதல் மாத்திரையைத் தொடமாட்டார். உயரத்தில் நின்று வேலை செய்பவர் தன் உயிரைக் காத்துக்கொள்ள எடுக்கும் முடிவு அது, அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உடலுழைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உழைப்பு உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த உழைப்புக்கான எரிபொருள் முழுவதும் சோறாகவே இருக்கிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அது பசியை விரட்டியது, பெரிய விஷயம். ஆனால் முட்டை, மீன், கீரை எல்லாம் கைக்காசில் வாங்க வேண்டியவை. கூலி இல்லாத வாரத்தில் முதலில் நிற்பவையும் அவையே. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது நல்ல முயற்சி. இருந்தாலும் கேழ்வரகைக் கூழாகக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

பதில் – சிறுதொழில் முனைவோர், கோயம்புத்தூர்

மேலே எழுதியவற்றில் உண்மை இருக்கலாம். ஆனாலும் எல்லாவற்றையும் வறுமையின் தலையில் கட்டுவது சரியாகப் படவில்லை. என் பட்டறையில் கழிப்பறை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை இருக்கிறது. அங்கேயும் மாத்திரையை விட்டுவிட்டு வேப்பங்கொழுந்தையும் நாவல்கொட்டைப் பொடியையும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மதுவுக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார்கள். தனிமனிதப் பொறுப்பு என்று ஒன்று இல்லையா?

பதில் – பொது சுகாதார மாணவர், மதுரை

இருக்கிறது ஐயா. ஆனால் அலட்சியம் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவானது. விளைவு மட்டும் ஏன் ஒரு பக்கமாகவே விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2024 நவம்பரில் ‘லான்செட்’ இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 2022இல் 82.8 கோடிப் பெரியவர்களுக்கு நீரிழிவு இருந்தது; முப்பது வயதைக் கடந்த நோயாளிகளில் 44.5 கோடிப் பேர், அதாவது 59 விழுக்காட்டினர், எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாழ்வது வருமானம் குறைந்த, நடுத்தரமான நாடுகளில். சிகிச்சை பெறாத இத்தனை கோடிப் பேரும் அலட்சியக்காரர்கள் என்றால், அலட்சியத்துக்கு நாட்டு எல்லை எப்படித் தெரிந்தது? உங்கள் பட்டறையில் இருப்பவர்களுக்கு நாவல்கொட்டைப் பொடி பிடித்துப்போவதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்: அதை விற்பவர் அவர்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுகிறார்.

பதில் – ஆசிரியர், ஹட்டன்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். கதையின் முனை மட்டும் சற்று மாறுகிறது. இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், கிளினிக் கொப்பியில் திகதி போட்டுக் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள்) இருட்டோடு புறப்பட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்தெடுக்கும் வரிசையில் நின்று வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலிக்கான வருகைப் பதிவு, போய்விட்டது. கொழுந்து நிறை குறைந்தாலே அரைப் பேர் போடும் தோட்டத்தில், கிளினிக்குக்காக ஒரு முழுப் பேரை இழப்பதென்றால் யோசிக்கத்தானே செய்வார்கள்? அதனால் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்தனுப்பி மருந்தை மட்டும் எடுத்துவரச் சொல்கிறார்கள். நோயாளியை யாரும் பார்க்காமலேயே மாதங்கள் கடக்கின்றன.

2022 பொருளாதார நெருக்கடியில் இது இன்னும் மோசமானது. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலோ விலை பல மடங்கு ஏறியிருந்தது. ஃபார்மசியில் ஒரு கார்டை வெட்டி ஐந்து மாத்திரை மட்டும் வாங்கிப்போனவர்களைக் கண்டேன். இரண்டு வேளை மருந்தை ஒரு வேளையாக்கினார்கள். கோதுமை மா விலையும் ஏறியதால், ரொட்டியும் சம்பலும் என்றிருந்த சாப்பாட்டில் ரொட்டியின் எண்ணிக்கைதான் குறைந்தது. அதற்குப் பதிலாகத் தட்டுக்கு வேறெதுவும் வரவில்லை.

தொடர் கேள்வி – சங்க உதவியாளர், செங்கல்பட்டு

அனைவருக்கும் நன்றி. நலவாரியத்தில் பதிந்தவர்களுக்காகவாவது கட்டட இடங்களில் கழிப்பறை கேட்டு மனுக் கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேசியிருக்கிறோம். இன்னொரு சிக்கல்: அந்தக் கொத்தனாருக்கு இப்போது இன்சுலின் எழுதிவிட்டார்கள். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, தகரக் கூரை. என்ன செய்வது?

பதில் – ஓய்வுபெற்ற செவிலியர், விழுப்புரம்

ஃபிரிட்ஜ் இல்லை என்பதற்காக இன்சுலினை மறுக்க வேண்டாம் ஐயா. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைக்க வேண்டும். ஆகவே மொத்தமாக வாங்கி வைக்காமல், ஒரு குப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சுகாதார நிலையத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பயன்பாட்டில் உள்ள குப்பி ஏறத்தாழ நான்கு வாரம் வெளியில் தாங்கும். கென்யாவின் தடாப் அகதி முகாமில் பகலிரவாக 25க்கும் 37 டிகிரிக்கும் இடையே மாறும் வெப்பத்தை ஆதாரமாக வைத்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. நான்கு வாரத்துக்குப் பிறகும் இன்சுலினின் வீரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வெப்பம் 37ஐத் தாண்டும் என்பதால் மண்பானை தேவை. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் மணல் நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். குப்பி தண்ணீரில் படாமல் மூடியுள்ள டப்பாவில் போட்டு உள்ளே வைக்கலாம். கடலோர ஊர்களில் காற்று ஈரமாக இருக்கும் நாட்களில் பானை அவ்வளவாகக் குளிராது. அப்போது வீட்டில் நிழல் விழும் மூலையில், காற்றோட்டத்தில் வையுங்கள்.

ஊசியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வகை; அதற்குரிய ஊசிக்குச் சிவப்பு மூடி இருக்கும். கடையில் 100 யூனிட் குப்பிக்கான ஆரஞ்சு மூடி ஊசியைக் கொடுத்துவிட்டால், அவர் 20 யூனிட் என்று எண்ணி ஏற்றுவது உண்மையில் 8 யூனிட்தான்; சர்க்கரை குறையவில்லையே என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படிக்கத் தெரிந்த அவர் மகளை எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஊசியைப் போட்டவுடன் டீயோடு கிளம்பாமல் நான்கு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாரத்தில் ஏற வேண்டும் என்பதை மேஸ்திரியிடமும் ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள்.