கார் ஷெட்டை இடிக்கப் போகிறார்கள், அண்ணன் பேண்டின் கேசட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது?

மாம்பலம்வாசி:
வணக்கம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டோம், அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அந்த வீட்டு கார் ஷெட்டில்தான் 2004-லிருந்து ஐந்து வருஷம் என் அண்ணன் பேண்டு பிராக்டிஸ் பண்ணியது. பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள், பக்கத்து வீட்டு மாமிக்குச் சத்தம் போகக்கூடாது என்று. கரண்ட் போனால் டிரம்மர் மட்டும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பார், கரண்ட் வந்ததும் இரண்டு கிடாரும் சரியாக அந்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். படிக்கட்டில் உட்கார்ந்து அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நேற்று பரணில் ஒரு சூட்கேஸ் கிடைத்தது. 14 கேசட், மார்க்கரில் எழுதிய 20 சிடி, ஒரு மினி டிவி (MiniDV) வீடியோ கேமரா டேப், சென்னை ஐஐடியின் சாரங் கலைவிழாப் போட்டிக்குப் போனபோது கழுத்தில் மாட்டிய அட்டை. இரண்டு கேசட்டில் டேப் ஓரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் அண்ணன் "தூக்கிப் போடு" என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

டேப்_டெக்:
தூக்கிப் போடாதீர்கள் சகோ! முதலில் சிடியைப் பாருங்கள், கேசட்டை அல்ல. கேசட் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும், வீட்டில் எழுதிய சிடியில் இருப்பது ஒரு சாயப் பூச்சு, அது நம் ஊர் வெக்கையில் கெட்டால் ஒருநாள் திடீரென்று ஒன்றுமே படிக்காது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் தவறு வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், அதில் எடுங்கள்.

வெள்ளை பூத்த இரண்டையும் எந்த டெக்கிலும் (கேசட் பிளேயரிலும்) போடவே போடாதீர்கள், அது பூஞ்சை. டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். தனி கவரில் வையுங்கள். மற்றதை ஒருமுறை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகப் பதிவு செய்யுங்கள். எம்பி3 அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் பதிவானதாக இருக்கும், அதனால் ஹெட்டின் சாய்வை அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஹெட் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்குரூவை இம்மி அளவு திருப்பும்போது மூடியிருந்த சிம்பல் (டிரம்ஸில் இருக்கும் உலோகத் தட்டு) சத்தம் பளிச்சென்று வெளியே வரும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

மினி டிவி டேப்புக்கு ஃபயர்வயர் (கம்ப்யூட்டரோடு இணைக்கும் பழைய கேபிள் வகை) உள்ள கேமரா வேண்டும். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், கிட்டத்தட்ட 13 ஜிபி வரும், சுருக்காமல் வையுங்கள்.

பழையமெட்ராஸ்:
அம்மா, நான் 70-களின் ஆள். எங்கள் காலத்தில் மெட்ராஸ் கல்லூரிகளில் எத்தனையோ பீட் குரூப் (மேற்கத்திய பாணி ராக் குழு) இருந்தது, அதில் பெரும்பாலோர் ஒரு பாட்டுகூடப் பதிவு செய்ததில்லை. அன்றைய இந்தியக் குழுக்கள் சிலவற்றை இன்றைக்கு ஆட்கள் தேடிக் கேட்கிறார்கள் என்றால், சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியின் 1970, 1971 இசைத்தட்டுகள் தப்பிப் பிழைத்ததால்தான். பழைய தட்டுகளை நாங்கள் தேடியெடுத்த மூர் மார்க்கெட்டும் 1985-ல் எரிந்துபோனது. ஏ.ஆர். ரஹ்மான் சினிமாவுக்கு வருமுன் நெமிசிஸ் அவென்யூ என்று ஒரு ராக் குழு வைத்திருந்தார், அதுவும் இந்த ஊர்க் கதைதான். உங்களிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மூணாவது_கார்டு:
அந்த வருஷங்களில் நானும் அடையாறு பக்கம் வேறொரு பேண்டில் ரிதம் கிடார். ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட் மாதிரி பேர் வாங்கியவர்களின் பாட்டு எப்படியும் இருக்கும். நான்கு கிக் (மேடைக் கச்சேரி) வாசித்துவிட்டு வேலைக்குப் போன பேண்டுகள்தான் மறைந்துபோகின்றன. இணையத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். பழைய பாட்டுகளைச் சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019-ல், அந்நாளில் பேண்டுகள் பாட்டு ஏற்றிய மைஸ்பேஸ் தளமே சொன்னது, அதில் சுமார் 4,90,000 பாட்டு மட்டும் யாரோ முன்பே இறக்கி வைத்திருந்ததால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்கு வந்தது. ஆர்க்குட் என்ற சமூகத் தளத்தை 2014-லேயே மூடியாச்சு, கிக் பற்றி நாங்கள் சண்டை போட்ட குழுமங்களும் அப்புறம் போயின.

ஒரு விஷயம். கோப்பு மட்டும் போதாது, யார் வாசித்தது, எந்த வருஷம், சொந்தப் பாட்டா, கவரா (அடுத்தவர் பாட்டா) என்று எழுதி வையுங்கள். அது உங்கள் அண்ணன் தலையில்தான் இருக்கிறது. சொந்தப் பாட்டை வெளியே ஏற்றுமுன் பேண்டில் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். போஸ்டர், நோட்டீஸ் இருந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அச்சுப் பொருள்களோடு கிராமபோன் தட்டுகளும் வைத்திருக்கிறார்கள். இடிக்குமுன் அந்த மெத்தைச் சுவரை போட்டோ எடுத்துவிடுங்கள், அதை மறக்காதீர்கள்.

மாம்பலம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. 20 சிடியில் 17 படித்தது. நேற்று ராத்திரி வீடியோ காலில் அண்ணனுக்கு ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் இரண்டு பாட்டுக்கு "ஏதோ ஒண்ணு" என்றான். மூன்றாவதில் பாட்டு நடுவே குக்கர் விசில் கேட்கிறது, எங்கள் அம்மாவின் குக்கர். அங்கே நிறுத்தச் சொன்னான், மறுபடி போடச் சொன்னான். அப்புறம் அவனாகவே தேதி, யார் பேஸ் கிடார், எந்தக் கிடார் யாரிடம் இரவல் வாங்கியது எல்லாம் சொல்ல ஆரம்பித்தான், நான் நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன்.

டேப்_டெக், உங்கள் டெக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ஷெட்டில் இன்னும் கரண்ட் இருக்கிறது.