மாடல் ரயிலுக்குப் புதுசா வந்தவங்க கேட்ட கேள்வி, நாம சொன்ன பதில்: இன்னும் உறுத்துற அனுபவம் இருந்தா எழுதுங்க

கேபின்மேன்:
மூணு வாரமா மனசுல கிடந்து அரிக்குது, அதான் ஆரம்பிக்கறேன்.

கண்காட்சியில ஹெச்ஓ லேஅவுட் (நிஜத்துல 87-ல ஒரு பங்கு அளவு மாடல் பாதை) ஓடிட்டிருந்தது. சரக்கு வண்டியில ஒரு வேகனை மட்டும் எங்க வெச்சாலும் ஷார்ட். கன்ட்ரோலர்ல சிவப்பு விளக்கு. கவிழ்த்துப் பார்த்தா, ஒரு அச்சுல இருக்கற பிளாஸ்டிக் புஷ் விரிசல் விட்டு, சக்கரம் நேரா அச்சைத் தொட்டுக்கிட்டிருக்கு.

எட்டு வயசு இருக்கும், ஒரு பொண்ணு. மேசை விளிம்புல கன்னத்தை வெச்சு, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துக்கிட்டே இருந்தா. "ஏன் மாமா நின்னுடுச்சு?" ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொண்ணு மைனஸ், சக்கரம் ரெண்டையும் சேர்த்துடக் கூடாது, அதுக்குத்தான் நடுவுல பிளாஸ்டிக்னு சொன்னேன். அதுவரைக்கும் சரி. உடனே அடுத்த கேள்வி: "அப்போ நிஜ ரயில் சக்கரத்துலயும் பிளாஸ்டிக் இருக்குமா?"

பின்னாடி கூட்டம். "இருக்கும்மா, இதைவிடப் பெருசா இருக்கும்"னுட்டேன். அவ பையிலேர்ந்து சின்ன நோட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தா வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே பென்சிலால எழுதிக்கிட்டா.

நிஜத்துல அப்படியே தலைகீழ். ரெண்டு சக்கரமும் அச்சும் சேர்ந்து ஒரே இரும்பு. தண்டவாளத்தைப் பகுதி பகுதியா பிரிச்சு, ஒரு முனையில கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்து, மறுமுனையில ரிலே வெச்சிருப்பாங்க, கரண்ட் வர்ற வரைக்கும் பிடிச்சு நிக்கற சுவிட்ச் அது. வண்டி உள்ள வந்ததும் சக்கரங்கள் ரெண்டு தண்டவாளத்தையும் சேர்த்துடும். கரண்ட் ரிலேவுக்குப் போய்ச் சேராது, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். பேட்டரி செத்தாலும், தண்டவாளம் உடைஞ்சாலும் அதே சிவப்புதான். என் மேசையில கோளாறா இருந்த ஷார்ட், அங்க உயிரைக் காப்பாத்துது. ரிலே விழணும்னுதான் சக்கரத்தை ஒரே அச்சுல இறுக்கியே செய்யறாங்க. இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் போதும். அந்த நோட்டுல இப்போ என் தப்பு இருக்கு.

ஒன்பது மில்லி:
எனக்கு எதிர்ப்பக்கம் சார். அன்னிக்குப் புதுசு நான்தான். N ஸ்கேல் (ஹெச்ஓவைவிடச் சின்ன, 1:160 மாடல்) எனக்கு அப்பெல்லாம் ஒரு ஆட்டம்தான், த்ராட்டிலை முழுசா திருப்பி ஓட்டுவேன், ஸ்டேஷன் வந்ததும் ஒரே திருப்புல பூஜ்யம். ஓய்வுபெற்ற டிரைவர் ஒருத்தர் வீட்டுக்கு வந்திருந்தார். "நிஜ ரயிலும் இவ்வளவு வேகமா போகுமா ஐயா?"ன்னு பெருமையாக் கேட்டேன். அவர் பதிலே சொல்லலை. வண்டி சட்டுனு நின்னப்ப, அவர் வலது கை தானா முன்னாடி நீண்டு மேசையைப் பிடிச்சுது. விழப்போறவங்க பிடிக்கற மாதிரி. "தம்பி, உள்ள ஆள் இருக்காங்க" அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டர்னா 1:160-ல நொடிக்கு 17 சென்டிமீட்டர்தான். பாரம் ஏத்தின நீள வண்டி அந்த வேகத்துல நிக்க ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கறது சாதாரணம். இரும்பு மேல இரும்பு, பிடிமானம் கம்மி. அந்த ஒரு கிலோமீட்டர் மேசையில ஆறு மீட்டர். என் மேசையே மூணு மீட்டர்தான். இன்னிக்கும் நிறுத்தறப்பல்லாம் அந்தக் கைதான் ஞாபகம் வருது.

ஃபிஷ்பிளேட்:
கேபின்மேன் அவர்களே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் திருத்தம் என்று எழுதியதிலேயே ஒரு தவறு இருக்கிறது. சிக்னலுக்காகச் சக்கரத்தை அச்சில் இறுக்கவில்லை. நீங்கள் விளக்கிய அந்த ரிலே அமைப்பு, அதாவது தண்டவாளச் சுற்று, 1872-ல்தான் வந்தது, வில்லியம் ராபின்சன் செய்தது. சக்கரங்களை இறுக்கிய அச்சு அதற்கு முன்பே இருந்தது.

காரணம் சக்கரத்தின் வடிவம். அதன் ஓடுபரப்பு தட்டை அல்ல, 20-க்கு 1 என்பது போன்ற லேசான சரிவு. வளைவில் அச்சு வெளிப்பக்கமாக ஒதுங்கும்போது வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உள்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். ஒரே அச்சில் இறுகியிருப்பதால்தான் வண்டி தானாகத் திரும்புகிறது. சக்கரத்தின் உள்ஓரத்தில் நீட்டியிருக்கும் விளிம்பு கடைசிக் காவல் மட்டும். ராபின்சன் ஏற்கெனவே இருந்த அந்த இரும்பைப் பயன்படுத்திக்கொண்டார்.

நீங்கள் அந்தக் குழந்தையிடம் சொன்னதும் முழுப் பொய்யல்ல. தொழிலில் சேர்ந்த புதிதில், பாதையைச் சோதிக்கத் தள்ளிக்கொண்டு போகும் டிராலி ஒன்றைப் பார்த்தேன். சக்கரத்தில் இன்சுலேஷன் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். உடன் வந்த மூத்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே போடுவதுபோல் காட்டி, தூரத்து சிக்னலை நோக்கி விரலை நீட்டினார். டிராலி போகும்போதெல்லாம் சிக்னல் சிவப்பாகிவிடக் கூடாது, அதற்காக. அந்தக் கம்பி கீழே படாமல் நின்ற உயரம் இன்னும் கண்ணில் இருக்கிறது, ஒரு சாண் கூட இருக்காது.

ஷண்டர்:
புஷ் உடைஞ்ச கதையைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஆசையா லூப் போட்டான், வண்டி சுத்தித் திரும்பி வந்த பாதைக்கே வர்ற வளையம். வண்டி சுத்தித் திரும்பி வந்த நொடி எல்லாம் அணைஞ்சுபோச்சு. "வண்டி கெட்டுப்போச்சா அண்ணா?"ன்னு அழற மாதிரி கேட்டான். அவ்வளவுதான் என் கதை. ஆனா புதுசா தொடங்கறவங்க இதைப் படிப்பாங்க, அதனால சொல்றேன்.

லூப்ல திரும்பற தண்டவாளம் தன்னையே எதிர்முனையா சந்திக்கும், பிளஸ் போய் மைனஸ்ல முட்டும். லூப்போட ரெண்டு முனையிலயும் ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டி இடைவெளி விடணும், உள்பகுதி உங்க நீளமான வண்டியைவிட நீளமா இருக்கணும். டிசிசி-ன்னா (டிஜிட்டல் கன்ட்ரோல்) பிளஸ் மைனஸைத் தானா மாத்தற ரிவர்ஸர் மாட்டிக்கலாம். சக்கரத்து மேல சந்தேகம்னா மல்டிமீட்டரோட ரெண்டு முனையையும் ரெண்டு சக்கரத்துல வைங்க, பீப் சத்தம் வந்தா அந்த அச்சு போச்சு. தண்டவாளத் துண்டுகளை இணைக்கற ஜாயினரை நம்பிக் கரண்ட் கொண்டுபோகாதீங்க, ஒவ்வொரு துண்டுக்கும் தனியா ஒயர் இறக்குங்க. ஆனா எல்லா ஜாயின்ட்டையும் சால்டர் பண்ணிடாதீங்க, நான் பண்ணேன், வெயில் காலத்துல ஒரு நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிஞ்சுது. துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல்லதான் அழுக்கு சேரும். ஏத்தம் ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். வளைவை இடம் விடற அளவுக்குப் பெருசாப் போடுங்க. ஸ்டார்ட்டர் செட்டுல வர்ற 18 அங்குல ஹெச்ஓ வளைவு நிஜ அளவுல 40 மீட்டர் ஆரம்தான், மெயின் லைன் வண்டி கனவுல கூட அதுல திரும்பாது. ஃபிஷ்பிளேட் சார் சொன்ன சரிவெல்லாம் அங்க உதவாது, விளிம்புதான் உரசித் திருப்பும்.

பாயின்ட்ஸ்:
எல்லா இடத்துலயும் தண்டவாளச் சுற்று கிடையாது, நிறைய இடத்துல அச்சுகளை எண்ணற கருவி வந்தாச்சு. உள்ளே போன அச்சும் வெளியே வந்த அச்சும் ஒண்ணா இருந்தாத்தான் பாதை காலின்னு காட்டும். யாரும் சொல்லலையேன்னு எழுதினேன்.

கேபின்மேன்:
ஃபிஷ்பிளேட் சார், ஏத்துக்கறேன். காரணத்தை நான் மாத்திச் சொல்லிட்டேன்.

அடுத்த கண்காட்சிக்கு மேசை ஓரத்துல தனியா ஒரு அடி தண்டவாளம் வெச்சிருக்கேன். ஒரு முனையில பேட்டரியும் ரெசிஸ்டரும், மறுமுனையில பச்சை எல்இடி. குறுக்கே அச்சை வெச்சா பச்சை அணையும், எடுத்தா எரியும். நேத்து ராத்திரி முயற்சி பண்ணேன், வேலை செய்யுது. நல்ல அச்சை வெச்சா எதுவும் ஆகாது, பிளாஸ்டிக் தடுத்துடும். அதனால விரிசல் விட்ட அந்தப் பழைய அச்சைத் தூக்கிப் போடாம இதுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன். அவ வந்தா அவ கையிலேயே கொடுக்கணும்.